மலடன் மகன்

சென்ற பருவத்தில் முதுகலை மாணவர்களுக்குச் சைவ சித்தாந்த சாத்திரங்களை அறிமுகப்படுத்திக்கொண்டிருந்தேன். இல்பொருளுக்கு நம் தருக்க நூலார் காட்டும் எடுத்துக்காட்டுகள் அனைவரும் அறிந்தவை: முயற்கொம்பு, ஆகாயத்தாமரை, மலடி மகன். உரையாசிரியர்கள் வழிவழியாக இவற்றையே எடுத்தாண்டு வந்திருக்கிறார்கள். பின்வரிசையிலிருந்து ஒரு மாணவி எழுந்தாள். ''ஐயா, மலடன் மகன்னு யாருமே எழுதலீங்களா?'' வகுப்பு சிரித்தது. நானும் சிரித்தேன். ஊத்துக்குளிக்கு ரயிலேறிய பிறகுதான், சிரித்திருக்கக் கூடாது என்று பட்டது.

மலடி என்ற சொல் எல்லார் வாயிலும் புழங்குகிறது. மலடன் என்று ஓர் ஆளைச் சுட்டி எங்கள் பக்கத்தில் யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. 'அரசமரத்தைச் சுற்றிவந்து அடிவயிற்றைத் தொட்டுப் பார்த்தாளாம்' என்ற பழமொழியிலும் சுற்றுகிறவள் அவள்தான். ஆணுக்கென்று இருப்பது 'ஆண்மையற்றவன்' என்ற சொல். அது வேறொரு குறையைச் சொல்வது. விடுதி அறையில் வாரம் ஒருநாள் வந்து தங்கும் வைத்தியர்களின் சுவரொட்டிகள் இவ்விரண்டையும் ஒன்றாகக் குழப்பியே பிழைக்கின்றன. உடல்வலுவிலோ இல்லற வாழ்விலோ எக்குறையும் இல்லாத ஓர் ஆணின் விந்தில் ஓர் உயிரணுகூட இல்லாமல் இருக்கலாம் என்பதைச் சொல்வதற்கு நம் பேச்சுமொழியில் ஒரு சொல் இல்லை.

வடமொழியில் இருந்தது. மனுதரும சாத்திரத்தின் ஒன்பதாம் அத்தியாயம் கணவனுக்கு நேரக்கூடிய குறைகளை அடுக்கும்போது, ஆண்மையற்றவனை ஒரு சொல்லாலும் 'அபீஜன்', அதாவது விதையற்றவன், என்பவனை வேறொரு சொல்லாலும் குறிக்கிறது. அப்படிப்பட்டவனை வெறுக்கும் மனைவியைக் கைவிடலாகாது, அவள் பொருளைப் பறிக்கலாகாது என்பது அங்கே விதி. ஆனால் அடுத்த ஓரிரு சுலோகங்களிலேயே மலடியான மனைவியை எட்டாம் ஆண்டில் மாற்றிக்கொள்ளலாம் என்று வருகிறது. அவளுக்குத் தவணை எட்டாண்டு. அவனுக்கு அப்படியொரு தவணை விதிக்கப்படவே இல்லை. பாரதத்தில் விசித்திரவீரியன் உடன்பிறந்த சகோதரிகள் இருவரை மணந்தும் பிள்ளையின்றி மாய்கிறான். வியாசர் வரவழைக்கப்படுகிறார். குறை எங்கே இருந்தது என்று கதை வாய்விட்டுச் சொல்வதில்லை. சொல்லாமலே அதற்குப் பரிகாரம் மட்டும் தேடிக்கொள்கிறது.

எங்கள் வீட்டிலும் ஒரு விசித்திரவீரியன் இருந்தார். என் அப்பாருவின் அண்ணன். மணமாகிப் பல ஆண்டுகள் குழந்தை இல்லை. பெரியாத்தா கதித்தமலை, சென்னிமலை, சிவன்மலை என்று படியேறாத மலையில்லை. கிணற்றுமேட்டு வேம்பினடியில் நாகர் சிலை வைத்து ஒரு மண்டலம் நீர் ஊற்றினார். பிறகு அவருடைய தங்கையையே பெரிய அப்பாருவுக்கு இரண்டாம் தாரமாகக் கட்டிவைத்தார்கள். இருதார மணத்தைத் தடுக்கும் சட்டம் சென்னை மாகாணத்தில் 1949-இலேயே வந்துவிட்டது என்றாலும் எங்கள் ஊர்க் கெட்டிமேளத்துக்கு அது கேட்கவில்லை. தங்கைக்கும் குழந்தை பிறக்கவில்லை. அதற்கு ஊர் கண்ட முடிவு, அந்தக் குடும்பத்துப் பெண்களே மலடிகள் என்பது.

இத்தனைக்கும் அது மாட்டைப் பற்றித் தெரிந்த ஊர். ஊத்துக்குளி வெண்ணெய்க்குப் பேர்போனது. காங்கேயம் காளைகளை வளர்த்த பழையகோட்டையும் அதிகத் தொலைவில்லை. பசு சினைபிடிக்காவிட்டால் ஒருமுறை பார்ப்பார்கள், இருமுறை பார்ப்பார்கள், அப்புறம் வேறு பொலிகாளையிடம் ஓட்டிப்போவார்கள். காளையிடமும் குறை இருக்கலாம் என்பது மாட்டுக்கொட்டகையில் எல்லாருக்கும் தெரிந்திருந்தது. அந்த அறிவு வாசல்படி தாண்டி வீட்டுக்குள் வரவில்லை.

பெருமாள்முருகனின் 'மாதொருபாகன்' 2010-இல் வெளியானபோது அதைப் பெரியாத்தாவின் கதையாகத்தான் படித்தேன். நாவலின் களம் திருச்செங்கோடு. காலம் விடுதலைக்கு முந்தியது. 2015-இல் அதன்மேல் எழுந்த கொந்தளிப்பும், எழுத்தாளர் தாம் இறந்துவிட்டதாக அறிவித்ததும், 2016 ஜூலையில் சென்னை உயர்நீதிமன்றம் அளித்த தீர்ப்பும் இங்குள்ள வாசகர்கள் அறிந்தவையே. அந்தச் சர்ச்சை முழுக்கக் கோயில், சாதி, பெண்ணின் கற்பு என்று சுற்றி வந்தது. காளியின் உடலில் குறை இருந்திருக்கலாமா என்ற கேள்வியை விவாதித்தவர்களை நான் அதிகம் பார்க்கவில்லை. டச்சுக்காரரான லேவன்ஹூக் விந்தணுவை நுண்ணோக்கியில் கண்டது 1677-இல். விந்தணுக்களை எண்ணிப் பிள்ளைப்பேற்றோடு ஒப்பிட்ட முக்கிய ஆய்வு பாஸ்டனில் வெளிவந்தது 1929-இல். காளியும் பொன்னாவும் ஏங்கிக்கொண்டிருந்த அதே காலத்தில், உலகின் மறுகோடியில் ஒரு கண்ணாடிச் சில்லில் விடை தெரிந்துகொண்டிருந்தது. இன்று குழந்தைப்பேறு வாய்க்காத இணையரில் ஏறத்தாழப் பாதிப்பேரிடம் ஆண்வழிக் காரணமும் சேர்ந்திருக்கிறது என்பது மருத்துவர்களிடையே பொதுவாக ஏற்கப்பட்ட கணக்கு.

எண்ண முடிந்ததே தவிர, ஏன் இல்லை என்பது தெரியவில்லை. அந்த 'ஏன்' ஒரு குரோமோசோமில் தொடங்குகிறது.

1905-இல் அமெரிக்காவில் நெட்டி ஸ்டீவன்ஸ் என்ற பெண்மணி மாவுப்புழு வண்டின் விந்தணுக்களை ஆராய்ந்தார். பாதி விந்தணுக்களில் ஒரு குரோமோசோம் மிகச் சிறியதாக இருந்தது. அந்தச் சிறியது சேர்ந்தால் பிறப்பது ஆண் என்று கண்டார். இன்று ஒய் என்று நாம் அழைப்பது அதைத்தான். பிள்ளை ஆணாவதும் பெண்ணாவதும் தந்தை தரும் விந்தணுவைப் பொறுத்தது என்று காட்டியவர் ஒரு பெண் என்பது வரலாற்றின் சிறிய நியாயம். மனிதரில் ஆணாகப் பிறப்பதைத் தீர்மானிப்பது ஒய்தான் என்பது 1959-இல் உறுதியானது.

ஒய் தந்தையிடமிருந்து மகனுக்கு மட்டுமே போவது. கொங்குநாட்டில் கூட்டம் என்று சொல்கிறோமே, அதைப் போல. ஆகவே ஆண்களிடம் மட்டும் தென்படும் எதையும் ஒய்யின் தலையில் கட்டும் பழக்கம் நெடுங்காலம் இருந்தது. காதுமடலில் அடர்ந்து வளரும் முடி அவற்றுள் ஒன்று. இந்தியாவுக்குக் குடிபெயர்ந்த ஹால்டேனின் மாணவர் கிருஷ்ண துரோணம்ராஜு, 1960-ஐ ஒட்டி ஆந்திரக் குடும்பங்களை ஆராய்ந்து இது ஒய்வழி வருவதாக எழுதினார்; பாடநூல்களிலும் ஏறியது. 2004-இல் தென்னிந்திய ஆண்களின் ஒய்களை நேரடியாகச் சோதித்தபோது, காதுமுடிக்காரர்கள் பல்வேறு ஒய் வழியினராகக் கலந்து கிடந்தார்கள். அந்தக் கருத்து அத்தோடு போயிற்று. (காதில் முடி இருந்தால் செல்வம் சேரும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. அதை இன்னும் யாரும் சோதிக்கவில்லை.)

ஒய்யின் உண்மையான வேலை ஒன்று 1976-இல் புலப்பட்டது. இத்தாலியில் தியெபோலோ, சுஃபார்தி என்ற இருவர் கருவளக் குறையுள்ள 1170 ஆண்களின் குரோமோசோம்களைப் பார்த்தார்கள். ஆறு பேருக்கு ஒய்யின் நீண்ட கையின் நுனி அறுந்துபோயிருந்தது. ஆறு பேரின் விந்திலும் உயிரணு இல்லை. விந்தணு உருவாக வேண்டிய ஏதோ ஒன்று அந்த நுனியில் இருக்கிறது என்று ஊகித்தார்கள்.

ஏறத்தாழ அதே ஆண்டுகளில் எடின்பரோவில் ஓர் இந்தியர் பாம்பின் டி.என்.ஏ.வை வைத்து ஆண்மையின் மூலத்தைத் தேடிக்கொண்டிருந்தார். உத்தரப்பிரதேசத்து ஜோன்பூரில் 1947-இல் பிறந்த லால்ஜி சிங். கட்டுவிரியன் இனத்தில் உடலெங்கும் பட்டைகள் கொண்ட ஒரு பாம்பின் பெண்ணிடமிருந்து அவர் பிரித்தெடுத்த டி.என்.ஏ. துண்டு, எலியின் ஒய்யிலும் செறிந்திருந்தது. 1982-இல் கென்னத் ஜோன்ஸுடன் சேர்ந்து அவர் வெளியிட்ட கட்டுரை, சில எலிகளில் பெண் குரோமோசோம் அமைப்பிருந்தும் ஆணாகப் பிறப்பது எப்படி என்பதை இந்தத் துண்டைக் கொண்டு விளக்கியது. பிள்ளை வேண்டி நாகரை நாடும் ஒரு தேசத்திலிருந்து போனவர் நாகத்திடமிருந்தே ஒரு தடயத்தைப் பெற்றார் என்று சொன்னால், இலக்கியக்காரனின் மிகை என்று அறிவியலார் கோபிக்கக் கூடும். உண்மையில் அந்தத் துண்டு பாலைத் தீர்மானிப்பது அல்ல என்றே பின்னர் தெரிந்தது. 1990-இல் லண்டன் ஆய்வாளர்கள் எஸ்.ஆர்.ஒய். என்ற மரபணுவைக் கண்டார்கள், தீர்மானிப்பது அது. ஆனால் லால்ஜி சிங்கின் பாம்புத் துண்டு வீணாகவில்லை. 1987-இல் ஐதராபாத்தின் செல்லியல், மூலக்கூறு உயிரியல் மையத்துக்கு வந்த அவர், அதைக் கொண்டே இந்தியாவின் டி.என்.ஏ. கைரேகை முறையை உருவாக்கினார். யார் தந்தை என்ற வழக்குகள் அதன்பின் சாட்சிகளின் வாயை மட்டும் நம்பியிருக்க வேண்டியதில்லை என்றானது.

1995-இல் டேவிட் பேஜின் அமெரிக்கக் குழு விந்தில் உயிரணு இல்லாத 89 ஆண்களைச் சோதித்து, 12 பேருக்கு ஒய்யின் ஒரே பகுதி விடுபட்டிருப்பதைக் கண்டது. அங்கிருந்த மரபணுவுக்கு டாஸ் என்று பெயரிட்டார்கள். அதே பகுதி ஏன் மீண்டும் மீண்டும் விடுபட வேண்டும்? 2003-இல் ஒய்யின் எழுத்துவரிசை வெளியானபோது கிடைத்த விடை தமிழாசிரியன் ஒருவனை நிமிர்ந்து உட்கார வைப்பது.

திருஞானசம்பந்தரின் மாலைமாற்றுப் பதிகத்தை வாசகர்கள் அறிவார்கள். சீகாழியைப் பாடும் அப்பதிகத்தின் ஒவ்வொரு பாட்டும் முன்னிருந்து படித்தாலும் பின்னிருந்து படித்தாலும் ஒன்றே. ஒய்யில் இத்தகைய மாலைமாற்றுகள் எட்டு இருக்கின்றன. டி.என்.ஏ. இரட்டை இழை என்பதால், ஓர் இழையில் இப்படிப் படிப்பதும் எதிரிழையில் அப்படிப் படிப்பதும் ஒன்றாக அமையும். மிகப்பெரியது 29 லட்சம் எழுத்து நீளம். அதன் இரு கைகளும் 99.97 விழுக்காடு ஒத்திருக்கின்றன. மற்ற குரோமோசோம்கள் இணை இணையாக இருப்பதால் ஒன்றில் நேரும் பிழையை மற்றதைப் பார்த்துத் திருத்திக்கொள்ள முடியும். ஒய் தனியன். எனவே தனக்குள்ளேயே படியை வைத்திருக்கிறது. சம்பந்தர் பாட்டில் ஓர் எழுத்தைச் செல்லரித்தால் மறுபாதியிலிருந்து மீட்டுக்கொள்ளலாம் அல்லவா? அதே உபாயம்.

ஆனால் ஏடு பெயர்த்தெழுதுவோருக்கு ஒரு பழைய ஆபத்து உண்டு. ஒரே தொடர் இரண்டு இடங்களில் வந்தால், முதலாவதை எழுதிவிட்டு நிமிரும் கண் இரண்டாவதில் போய் விழும். இடையில் உள்ளதெல்லாம் விடுபடும். சுவடிப் பதிப்பாசிரியர்கள் அனைவரும் இந்த விடுபாட்டோடு போராடியவர்களே. ஒய்யிலும் நிகழ்வது இதுதான். ஒத்த பகுதிகள் தவறாக ஒன்றோடொன்று இணைந்துவிட, நடுவிலிருந்த 35 லட்சம் எழுத்துகள் கழன்றுபோகின்றன. டாஸ் அவற்றுள் அடக்கம். ஒய்யைக் காக்கும் அமைப்பே அதை முறிப்பதும். நல்வினையும் தீவினையும் ஒரே இடத்திலிருந்து வரும் இதற்கு ஊழ் என்று பெயர் சூட்ட ஆசை எழுகிறது, அடக்கிக்கொள்கிறேன்.

இந்திய ஆண்களிடம் இதைத் தேடியது லால்ஜி சிங்கின் மையம்தான். குமாரசாமி தங்கராஜ் முன்னின்ற ஆய்வு 2003-இல் வெளியானது. விந்தில் உயிரணு இல்லாத 340 ஆண்களில் 29 பேருக்கு ஒய்யில் விடுபாடு இருந்தது. நூற்றுக்கு எட்டரை. சிறிய எண்தான். எனினும் இந்த நாட்டில் 340 ஆண்கள் 'குறை என்னிடம் இருக்கலாம்' என்று குருதி கொடுத்திருக்கிறார்கள். பெரிய அப்பாருவின் காலத்தில் அப்படி ஒருவரைக்கூடக் கண்டிருக்க முடியாது.

இந்த விடுபாட்டில் ஒரு விந்தை உண்டு. பெரும்பாலும் இது தந்தையிடமிருந்து வருவதில்லை. தந்தைக்கு இருந்திருந்தால் மகனே பிறந்திருக்க மாட்டான். ஒவ்வொரு முறையும் புதிதாக நேரும் பிழை. 'மலட்டுப் பரம்பரை' என்பது சொல்லளவிலேயே முரண். 1992-இல் அதுவும் மாறியது. பிரஸ்ஸல்ஸ் நகரில் ஒரே ஒரு விந்தணுவை ஊசியால் கருமுட்டைக்குள் செலுத்திக் குழந்தை பெறச் செய்தார்கள். இன்று ஊத்துக்குளியிலிருந்து திருப்பூருக்கோ ஈரோட்டுக்கோ போகும் பேருந்தின் முதுகில் விளம்பரமாக வருவது இந்தச் சிகிச்சைதான். ஒய்யில் விடுபாடு உள்ள சிலரின் விதையில் ஒன்றிரண்டு விந்தணுக்கள் ஒளிந்திருக்கும். அவற்றை எடுத்துச் செலுத்தலாம். பிறக்கும் மகனுக்கு அதே அறுந்த ஒய்தான் போகும். அவனும் பெரும்பாலும் இதே ஊசியை நாட வேண்டியவன். 1999-லேயே இது மருத்துவ இதழில் பதிவாகியிருக்கிறது. மகள் பிறந்தால் ஒய் அவளுக்குப் போவதே இல்லை. இக்குறை அவளைத் தொடாது. நம் தருக்க நூலார் எழுதாமல் விட்ட மலடன் மகன் மண்ணில் பிறந்துவிட்டான். முயற்கொம்பின் பட்டியலில் இனி அவனைச் சேர்க்க முடியாது.

ஒய்யோடு கதை முடிந்திருந்தால் எளிது. மீதிப்பேருக்கு ஒய் முழுமையாக இருந்தும் விந்தணு இல்லையே?

இங்கேதான் படியெடுத்தல் வருகிறது. உயிரணுவின் உட்கருவை ஒரு சுவடிச்சாலை என்று கொள்வோம். மூல ஏடு வெளியே போகாது. வேண்டிய பாட்டை மட்டும் ஓர் ஓலை நறுக்கில் பெயர்த்து அனுப்புவார்கள். அதைப் பார்த்துப் புரதம் உருவாகும். எந்தப் பாட்டை எப்போது பெயர்ப்பது என்று ஆணையிடுவதற்கே பல மரபணுக்கள் இருக்கின்றன. எஸ்.ஆர்.ஒய்.யும் அத்தகைய ஓர் ஆணைதான். விந்தணு உருவாகும் எழுபது சொச்சம் நாட்களில் இந்த வேலை அவசரமானது. ஏனெனில் கடைசிக் கட்டத்தில் சுவடி முழுவதும் கயிற்றால் இறுகக் கட்டப்பட்டுவிடும். டி.என்.ஏ. சுற்றியிருக்கும் ஹிஸ்டோன் என்னும் புரதங்களில் பெரும்பாலானவை நீக்கப்பட்டு, புரோட்டமின் என்னும் வேறு புரதங்கள் அதை ஊசிமுனையினும் சிறிய தலைக்குள் திணிக்கும். கட்டியபின் ஓர் எழுத்தையும் படிக்க இயலாது. தேவையான படிகளை முன்கூட்டியே எடுத்துச் சேமித்து வைத்தாக வேண்டும்.

இந்த இரு வேலைகளுக்கும் நடுவில் நிற்பது பி.ஆர்.டி.டி. என்ற மரபணு. விதையில் மட்டுமே இயங்குவது. இதன் புரதம் ஹிஸ்டோன்களில் இடப்பட்ட ஒருவகை அடையாளத்தைக் கண்டு பற்றிக்கொள்கிறது. எழுத்தாணிக் கீறல் தெரிவதற்கு ஏட்டில் மை தடவுவார்களே, அப்படிப்பட்ட அடையாளம் அது. அதைப் பற்றிக்கொண்டு எங்கே படியெடுக்க வேண்டும் என்று காட்டுகிறது. பிறகு சுவடியைக் கட்டவும் உதவுகிறது. எலியில் இதன் ஒரு பகுதியை நீக்கியபோது, எலி நன்றாகவே வாழ்ந்தது. குட்டி மட்டும் ஈனச் செய்யவில்லை. இது 2007-இல் தெரிந்தது. 2012-இல் அமெரிக்க ஆய்வாளர்கள் இப்புரதத்தை ஒரு மருந்தால் தடுத்து ஆண் எலிகளைத் தற்காலிகமாக மலடாக்கினார்கள். மருந்தை நிறுத்தியதும் கருவளம் திரும்பியது. ஆணுக்கான கருத்தடை மாத்திரை என்ற நெடுங்காலக் கனவு இதில் சற்றே தலைகாட்டிப் போனது.

2022-இல் தங்கராஜின் குழு மறுபடி பேசியது. முந்தைய இருபதாண்டு ஆய்வுகளில் நூற்றுக்கு 38 ஆண்களுக்கு ஒய்யிலோ பிற இடங்களிலோ காரணம் கிடைத்திருந்தது. எஞ்சியோரை நோக்கி அவர்கள் திரும்பினார்கள். 47 ஆண்களின் மரபணுக்களை முழுமையாகப் படித்து, சுமார் 1500 பேரிடம் சரிபார்த்து, புதிதாக எட்டு மரபணுக்களைச் சுட்டினார்கள். அந்த எட்டில் ஒன்று பி.ஆர்.டி.டி. இந்தக் கண்டுபிடிப்பால் நாளையே மருந்து வந்துவிடாது. நொய்யலில் சாயம் ஓடிய ஊர்க்காரர்கள் என்னிடம் உடனே கேட்பதுபோல, சூழலுக்கும் வெப்பத்துக்கும் பங்கில்லை என்றும் ஆகாது. காரணங்கள் பல, இது அவற்றுள் ஒன்று.

இதில் என்னை நிறுத்தியது வேறொன்று. பி.ஆர்.டி.டி. இருப்பது ஒய்யில் அல்ல, ஒன்றாம் குரோமோசோமில். அதாவது தாய் தந்தை இருவரிடமிருந்தும் ஒவ்வொரு படி வருகிறது. துருக்கியில் உறவுக்குள் மணந்த ஒரு தம்பதியின் மகன்களுக்கு டாஃப்-4பி என்ற படியெடுப்பு மரபணு பழுதாகி விந்தணு இல்லாமல் போனதை 2014-இல் பதிவு செய்திருக்கிறார்கள். பெற்றோர் இருவரிடமும் ஒவ்வொரு பழுதுபட்ட படி. அவர்களுக்கு ஒரு குறையுமில்லை. அத்தைமகன், மாமன்மகள், தாய்மாமன் என்று கட்டிக்கொடுக்கும் நமக்கு இது தொலைதூரச் செய்தியல்ல. டேவிட் பேஜின் குழு 2001-இல் எலியின் விந்து முதலணுக்களில் மட்டும் இயங்கும் 25 மரபணுக்களைத் தேடியெடுத்தபோது, மூன்றே ஒய்யில் இருந்தன. பத்து எக்ஸில் இருந்தன. படியெடுத்தலைத் தொடக்கிவைக்கும் டாஃப்-7எல் அந்தப் பத்தில் சேர்ந்தது. ஆணுக்கு எக்ஸ் தாயிடமிருந்து மட்டுமே வரும். விந்தணுவின் விதியைத் தந்தைவழிக் கூட்டம் மட்டும் எழுதவில்லை.

இதைப் படித்த அன்று, மருமகளை மலடி என்று ஏசிய என் கொள்ளுப்பாட்டியை நினைத்து ஒரு கணம் பழிதீர்த்த மகிழ்ச்சி கொண்டேன். அவளிடமிருந்தே வந்ததாக இருக்கலாமே என்று. மறுகணம் வெட்கமாக இருந்தது. பழியை ஒரு பெண்ணிடமிருந்து எடுத்து இன்னொரு பெண்ணிடம் வைப்பதற்கு இத்தனை ஆய்வுகளைப் படித்திருக்க வேண்டியதில்லை. பெரிய அப்பாருவின் குறை எதுவென்று இனி அறிய வழியும் இல்லை. அவர் போய் நாற்பதாண்டுகள் ஆகின்றன. ஆத்தாமார் இருவரும் ஒரே வீட்டில், ஒரே அடுப்பில் பொங்கிக்கொண்டு, அவருக்குப் பின்னும் நெடுநாள் இருந்தார்கள். வளைகாப்புக்குத் தட்டெடுக்க இருவரையும் யாரும் அழைத்ததில்லை.

அவர்களுக்குப் பிள்ளையில்லாததால் அந்த நான்கு ஏக்கர் தோட்டம் என் அப்பாவுக்கு வந்தது. அதன் வருமானத்தில்தான் நான் எம்.ஏ. படித்தேன். கிணறு தூர்ந்துவிட்டது, வேம்பு நிற்கிறது. அதனடியில் பெரியாத்தா வைத்த நாகர் சிலையில், பின்னிக்கொண்டிருக்கும் இரு பாம்புகளின் முகம் மழையில் மழுங்கிப்போயிருக்கிறது. ஆடி வெள்ளிகளில் பக்கத்து பனியன் கம்பெனி விடுதியிலிருந்து வடநாட்டுப் பெண்கள் சிலர் வந்து அதற்கு மஞ்சள் பூசிவிட்டுப் போகிறார்கள். எதற்கு என்று நான் கேட்டதில்லை. அந்த மாணவிக்கு மட்டும் அடுத்த வகுப்பில், யாரும் எழுதவில்லை அம்மா என்று பதில் சொன்னேன்.